ஊசிக்காரர் வண்டி பார்த்த கதை

சங்கராபுரம் இளமாறனுக்கு மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது தொழில். பசு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்தால் வீட்டுக்காரர்கள் முதலில் அவருக்குத்தான் போன் போடுவார்கள். அவர் கால்நடை டாக்டர் கிடையாது, அதற்கென்று இருக்கும் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். இருந்தாலும் சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலை உச்சி வரைக்கும் பாதிப் பேர் அவரை டாக்டர் என்றார்கள். மீதிப் பேர் ஊசிக்காரர் என்றார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பார்.

தொழிலுக்கு முக்கியம் ஒரு கேன். தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும், அலுமினியம். உள்ளே திரவ நைட்ரஜன். அந்தக் குளிருக்குள் காளைகளின் விந்து அடைத்த மெல்லிய குச்சிகள் நின்றுகொண்டிருக்கும். கேன் எப்போதும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் நைட்ரஜன் கொட்டிவிடும். நைட்ரஜன் போய்விட்டால் அந்தக் குச்சிகளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் இளமாறன் தன் பைக்கின் பின்சீட்டில் ஒரு ரப்பர் வளையத்தை வைத்து, அதற்கு நடுவில் கேனை உட்கார வைத்து, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பல வருஷமாக அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது. அவர் மனைவி மணிமொழி எங்கே போவதானாலும் பஸ்ஸில் போவாள்.

போன ஐப்பசி மழையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மண்பாதையில் பைக் வழுக்கி விழுந்தது. இளமாறனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். கேன் உருண்டு, மூடி கழன்று, பாதை முழுக்க வெள்ளையாகப் புகை பரவியது. ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்த இரண்டு பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, புகை அடங்கும்வரை தள்ளியே நின்றார்கள்.

"உள்ள இன்னா இருந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நாலு ஜெர்சி காளை, ரெண்டு சிந்து" என்றார் இளமாறன்.

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு ராத்திரியே வேறு வண்டி வாங்குவது என்று அவர் முடிவு செய்தார். எந்த வண்டி என்று தெரிய வேண்டுமே. போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். அட்வென்ச்சர் டூரிங் என்று ஒரு ஜாதி வண்டி இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தார் ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் ஓடும், கல்லிலும் ஏறும் என்றார்கள். வீடியோவில் வந்தவர்கள் எல்லாரும் லடாக்குக்குப் போனார்கள். ஆற்றைக் கடந்தார்கள். பனியில் விழுந்து எழுந்து சிரித்தார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டியிருந்தார்கள், அதில் துணிமணி இருந்ததாகச் சொன்னார்கள். ஒருத்தரும் கேன் வைத்திருக்கவில்லை.

ஒரு வீடியோவுக்குக் கீழே அவர் கேள்வி எழுதினார். "அண்ணா, இந்த வண்டியில் பின்னால் நைட்ரஜன் கேன் நேராக நிற்குமா? மலையில் மண் ரோடு."

பதில் வந்தது. நெருப்புப் படம் மூன்று, கை தூக்கிய படம் ஒன்று.

நாலைந்து மாசத்தில் அவருக்கு எல்லாம் அத்துப்படியாகிவிட்டது. தரைக்கும் வண்டி அடிவயிற்றுக்கும் எவ்வளவு இடைவெளி, முன்சக்கரம் எத்தனை இன்ச், ஷாக் அப்சார்பர் எவ்வளவு இறங்கி ஏறும், எல்லாம் சொல்வார். ஒரு கை முழங்கை வரைக்கும் மாட்டுக்குள் இருக்கும்போதே மாட்டுக்காரரிடம் சொல்லுவார். மாட்டுக்காரர்கள் கொம்பைப் பிடித்துக்கொண்டு "ஆமாங்க, ஆமாங்க" என்பார்கள். மாடு அசையாமல் நின்றால் அவர்களுக்குப் போதும்.

மாசி மாசத்தில் ஒரு நாள் காலை வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஷோரூமுக்குப் போனார். கேனும் கூடவே போனது.

ஷோரூமில் தமிழ்வேந்தன் என்ற பையன் வந்து வணக்கம் சொன்னான். பையன் என்றால் இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், பளபளவென்று ஷூ.

"எந்த மாதிரி ரைடிங் பண்ணுவீங்க சார்? அத வச்சுத்தான் வண்டி பாக்கணும்."

இளமாறன் யோசித்துப் பதில் சொன்னார். "காலைல சங்கராபுரம் சுத்தி. அப்புறம் மூங்கில்துறைப்பட்டு பக்கம் போவேன். மதியானத்துக்கு மேல மலை. மாடு எங்க கத்துதோ அங்க."

"அப்போ எல்லாம் கலந்து" என்றான் தமிழ்வேந்தன். "வீக்எண்ட்ல லாங் ரைடு போவீங்களா?"

"ஞாயித்துக்கெழமையும் மாடு கத்தும்."

தமிழ்வேந்தன் தலையாட்டிவிட்டு இரண்டு வண்டி காட்டினான். ஒன்று சின்னது, சுமாரான உயரம், பார்க்கச் சாதுவாக இருந்தது. இன்னொன்று பெரியது. முன்பக்கம் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது, சக்கரம் கம்பி போட்டது, ஹேண்டில் பார் காளைக் கொம்பு மாதிரி அகலம். இளமாறன் வீடியோவில் பார்த்ததெல்லாம் இந்த வண்டியைத்தான். சின்னதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். இளமாறன் அவ்வளவு உயரமானவர் இல்லை. இரண்டு பக்கமும் கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது.

"கால் எட்டுதா சார்?"

"எட்டுது" என்றார் இளமாறன்.

பழைய பைக்கை மாற்றிக்கொள்வது என்று பேச்சானதால், அதற்கு விலை போடுவதற்காக ஷோரூம் மெக்கானிக் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். கேனை இறக்கி வாசலில் செக்யூரிட்டி பக்கத்தில் வைத்தார்கள். டெஸ்ட் ரைடு பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்புவது என்று கணக்கு. தமிழ்வேந்தன் பின்னால் ஏறிக்கொண்டான்.

பைபாஸில் வண்டி மிதந்துகொண்டு போனது. பள்ளம் வந்தது தெரியவில்லை. வேகத்தடை வந்தது தெரியவில்லை. லாரியைத் தாண்டினோமா, லாரி நின்றுவிட்டதா என்று ஒரு முறை கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். திரும்பி வந்து ஷோரூம் வாசலில் நிறுத்தியபோது வாங்குவது என்று முடிவாகிவிட்டது.

அப்போது போன் அடித்தது. மலைமேல் ஆலத்திமேட்டிலிருந்து சாலம்மாள்.

"தம்பி, மாடு விடியக்காலைல இருந்து கத்துது. பின்னால வழும்பு கொட்டுது. இன்னிக்கி நீ வர்றியா இல்லியா?"

அந்த மாடு ஏற்கெனவே இரண்டு தடவை சினை பிடிக்காமல் போனது. இன்றைக்கு விட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். சாலம்மாளின் வீட்டில் அந்த ஒரு மாடுதான் உண்டு.

"வந்துக்கினே இருக்கேன்க்கா" என்றார் இளமாறன்.

போனை வைத்துவிட்டாள். ஆலத்திமேட்டில் சிக்னல் கிடையாது. பாறை மேல் ஏறி நின்று பேசிவிட்டு இறங்கிப் போய்விடுவாள், திருப்பிக் கூப்பிட்டால் கிடைக்க மாட்டாள்.

பழைய பைக்கை எடுக்கப் பின்னால் போனார். மெக்கானிக் அதன் டேங்கைக் கழற்றித் தனியாக வைத்திருந்தான். கார்புரேட்டர் ஒரு தட்டில் கிடந்தது. பூட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன் என்றான். இதே வேலை செய்யும் வீரமுத்துவுக்குப் போன் போட்டார். அவர் நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

இளமாறன் தமிழ்வேந்தனிடம் வந்தார்.

"தம்பி, நான் இன்னும் சரியா ஓட்டிப் பாக்கல. மலையில ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"சார், டெஸ்ட் ரைடு பைபாஸ் வரைக்கும்தான்."

"பெட்ரோல் நான் போடறேன். நீயும் வா. உன் வண்டி உன் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

மேனேஜர் வீரமணி அந்த நேரம் பேங்குக்குப் போயிருந்தார். தமிழ்வேந்தன் அவருக்குப் போன் போட்டான், அவர் எடுக்கவில்லை. அந்த மாசம் அவன் இன்னும் ஒரு பெரிய வண்டிகூட விற்கவில்லை. வாசலைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.

"சீக்கிரம் வந்துடலாமா சார்?"

"மாட்டுக்கு ஒரு நிமிஷம்தான் வேலை" என்றார் இளமாறன். மலைக்குப் போகும் நேரத்தை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

கேனைக் கட்டுவதற்கு அந்த வண்டியில் தோதான இடம் இல்லை. கடைசியில் தமிழ்வேந்தன் பின்சீட்டில் உட்கார்ந்து, கேனைத் தனக்கும் இளமாறன் முதுகுக்கும் நடுவில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"சாயக் கூடாது" என்றார் இளமாறன்.

"சாஞ்சா இன்னா ஆகும் சார்?"

"சாயக் கூடாது."

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி தானாகத் திரும்புவது போல் இருந்தது. இளமாறன் ஒவ்வொரு வளைவிலும் "பாத்தியா" என்றார். தமிழ்வேந்தனுக்கு அவர் முதுகும் கேன் மூடியும் மட்டும்தான் தெரிந்தன. வளைவில் வண்டி சாயும்போது கேனும் சாய்கிறதே, அதைச் சாய்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று அவனுக்குக் கவலையாக இருந்தது. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

வெள்ளிமலையைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்து மண்பாதை வந்தது. அதிலும் வண்டி ஒழுங்காகத்தான் போனது. கல்லின் மேல் ஏறி இறங்கியது. ஐப்பசியில் அவர் விழுந்த இடத்தைக்கூட அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. ஆலத்திமேட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஏற்றத்தில் எதிரே ஆடுகள் வந்தன. இளமாறன் பிரேக் பிடித்து நிறுத்தி இடது காலை ஊன்றப் போனார். இடது பக்கம் பள்ளம். கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை.

வண்டி விழுந்தது என்று சொல்ல முடியாது. பெரிய மரம் சாய்வது மாதிரி மெதுவாகச் சாய்ந்தது. இளமாறன் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்து, முடியாமல், அதோடு சேர்ந்து போய்ப் பள்ளத்துப் புல்லில் படுத்தார். தமிழ்வேந்தன் வண்டி சாயச் சாயக் காலை விரித்து அப்படியே எழுந்து நின்றுவிட்டான். அவன் கையில் கேன் நேராக இருந்தது.

"சாயல சார்" என்றான்.

"நல்லது" என்றார் இளமாறன், படுத்தபடியே.

வண்டியை இரண்டு பேரும் தூக்கிப் பார்த்தார்கள். பாதி வரைக்கும் வந்தது, மறுபடி படுத்துக்கொண்டது. மேலேயிருந்து சாலம்மாளும் அவள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். ஒருத்தி ஹேண்டில் பாரைப் பிடித்தாள், மற்ற இருவரும் சீட்டுக்கு அடியில் கை கொடுத்தார்கள். வண்டி எழுந்து நின்றது. இடது இண்டிகேட்டர் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாலம்மாள் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். அவள் தோள் உயரத்துக்கு இருந்தது.

"இன்னாத்துக்கு இம்மாம் ஒசரம்?"

"கல்லு தட்டாம போறதுக்குக்கா."

"ஏறி எறங்க நாலு ஆளு வேணும் போல இருக்கே" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. ஆள் வேண்டுமென்றால் இனிமேல் முன்கூட்டியே சொல்லிவிடு, வைக்கிறேன் என்பது போலத்தான் சொன்னாள்.

மாடு கொட்டகையில் இருப்புக் கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இளமாறன் கையைக் கழுவி, தோள் வரைக்கும் உறை மாட்டிக்கொண்டார். கேன் மூடியைத் திறந்ததும் புகை வந்தது. குச்சியை எடுத்து, சாலம்மாள் கொண்டுவந்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார்.

"தம்பி, வாலப் புடிச்சுக்க" என்றார்.

தமிழ்வேந்தன் சுற்றிலும் பார்த்தான். வேறு தம்பி யாரும் இல்லை. வந்து வாலைப் பிடித்தான். மாடு ஒரு முறை சாணி போட்டது. அவன் வாலை விடவில்லை. ஷோரூமில் வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற மாதிரியே நேராக நின்றான், சட்டை மட்டும் முன்பு மாதிரி இல்லை.

"இப்போ எந்த வண்டி சார் போடறீங்க?" என்று கேட்டுவிட்டு, "எந்தக் காளை?" என்று திருத்திக்கொண்டான்.

"சிந்து. மலைக்கு அதான் தாங்கும். ஜெர்சி பால் ஜாஸ்தி, ஆனா இங்க ஏறி எறங்கி மேய்றதுக்குக் கஷ்டப்படும்."

தமிழ்வேந்தன் மாட்டின் காலைப் பார்த்தான், பிறகு திரும்பி வெளியே நின்ற வண்டியைப் பார்த்தான்.

வேலை முடிந்து கறுப்புக் காபி குடித்தார்கள். கிளம்பும்போது சாலம்மாள் ஒரு சாக்குப் பையில் மரவள்ளிக்கிழங்கு போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் கேட்கிறவள் இல்லை. இறங்கும்போது தமிழ்வேந்தன் மடியில் கேனும் தோளில் கிழங்கும் இருந்தன. அவன் போன் வழி முழுக்க அடித்துக்கொண்டே வந்தது. எடுக்கக் கை இல்லை.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேனேஜர் வீரமணி வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிராய்ப்பைப் பார்த்தார். இண்டிகேட்டரைப் பார்த்தார். தமிழ்வேந்தன் சட்டையை மோந்து பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பிறகு இளமாறனிடம் திரும்பி, பழக்க தோஷத்தில், "டெஸ்ட் ரைடு எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டார்.

"பிரமாதம்" என்றார் இளமாறன். "இண்டிகேட்டர் செலவு என்னுது. இந்த வண்டியத்தான் எடுக்கிறேன். இந்தாங்க, இதுல பாதிக் கிழங்கு நீங்க வூட்டுக்கு எடுத்துனு போங்க."

வீரமணி கிழங்கை வாங்கிக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "தமிழு, சாருக்குப் புக்கிங் போடுப்பா."

தமிழ்வேந்தன் நகரவில்லை.

"சார், இந்த வண்டி உங்களுக்கு வேணாம்" என்றான்.

வீரமணி கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"ஓட்டும்போது நல்லாத்தான் இருக்கு சார். ஆனா உங்களுக்கு ஓட்டுறது கம்மி, நிக்கிறதுதான் ஜாஸ்தி. ஒரு வூட்டாண்ட நிக்கணும், ஆட்டுக்கு நிக்கணும், வழி கேக்க நிக்கணும், போன் வந்தா நிக்கணும். நிக்கிற எடமெல்லாம் மேடு பள்ளம். ஒவ்வொரு தடவையும் கேனு கையில புடிக்க நான் வர முடியாது. அந்தச் சின்ன வண்டி போதும் சார். அதுல ரெண்டு காலும் நல்லா ஊனும். மலையும் ஏறும்."

"என் ஒசரத்தப் பத்தி உன்ன யாராவது கேட்டாங்களா?" என்றார் இளமாறன்.

"இல்ல சார்."

"அப்புறம்?"

"கேன் மூணு மணி நேரம் என் மடியில இருந்துச்சு சார். அதனால சொன்னேன்."

வீரமணி, உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வா என்று அவனிடம் அமைதியாகச் சொன்னார். இளமாறன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பழைய பைக் இன்னும் பூட்டப்படவில்லை. சங்கராபுரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கேனை மடியில் வைத்துக்கொண்டு போனார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. அத்தனை மாசம் வீடியோ பார்த்ததை நேற்று வந்த பையன் ஒரு மாட்டு வாலைப் பிடித்துவிட்டு மாற்றுகிறான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியது. கேன் மூடி அவர் தாடையில் இடித்தது. கோபம் கொஞ்சம் கூடியது.

வீட்டில் மணிமொழி தையல் மெஷினில் இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பது அவள்தான். மீதமிருந்த கிழங்கைப் பார்த்ததும் எழுந்து வந்து தோலை உரிக்க உட்கார்ந்தாள். இளமாறன் நடந்ததை முழுக்கச் சொன்னார். படுத்ததை மட்டும் சுருக்கமாகச் சொன்னார்.

"இன்னா திமிரு பாரு அவனுக்கு" என்று முடித்தார்.

மணிமொழி ஒரு கிழங்கை உரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "ஏங்க, அந்தப் பையன் பின்னாடி உக்காந்து வந்தானே, சீட்டு எப்படி இருக்கு?"

"பெருசுதான். நல்ல மெத்து."

"நான் உக்காந்தா தாங்குமா?"

பார்த்த அத்தனை வீடியோவில் ஒன்றில்கூட அவர் பின்சீட்டைக் கவனித்ததில்லை. அது கேனுடைய இடம் என்று அவர் மனசு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டது. அவளைப் பார்த்தார். அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை.

"கேன எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் தெனமும் பாத்துக்கினு கெடக்கிறீங்க."

மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போனார்கள். தமிழ்வேந்தன் வேறு சட்டையில் இருந்தான். அவனுக்கு வேலை போகவில்லை. ஆனால் வீரமணி அவனைக் கொஞ்ச நாளைக்கு ஸ்கூட்டர் பக்கம் மாற்றியிருந்தார். இளமாறனைக் கண்டதும் ஸ்கூட்டர் பக்கமே நின்றான். மணிமொழி தானே அவனிடம் போனாள்.

"நீதான் எங்க வூட்டுக்காரர் கேன புடிச்சினு வந்தவனா?"

"ஆமாங்க்கா."

"எனக்கு ரெண்டு வண்டியும் காட்டு."

பெரிய வண்டியின் பின்சீட்டில் ஏறுவதற்கு அவள் மூன்று விதமாக முயற்சி செய்தாள். புடவையோடு ஒரு விதமும் ஒத்துவரவில்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஏறி உட்கார்ந்தாள். இளமாறன் தலை அவளுக்குக் கீழே தெரிந்தது.

"காத்தோட்டமாத்தான் இருக்கு" என்றாள். "போற எடத்துலெல்லாம் நாற்காலி இருக்குமா?"

செக்யூரிட்டி நாற்காலியை மறுபடி பிடித்துக்கொள்ள, இறங்கினாள். சின்ன வண்டியில் தானாக ஏறினாள், தானாக இறங்கினாள். இளமாறனும் ஏறிப் பார்த்தார். இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் உட்கார்ந்தன. அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. பெரிய வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"மலை ஏறுமா?" என்று தமிழ்வேந்தனைக் கேட்டார். அவனிடம் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நேத்து போன எடம் எல்லாம் போவும் சார். கொஞ்சம் மெதுவா போவும்."

இன்னும் கேன் பாக்கி இருந்தது. சீட்டுக்குப் பின்னால் கம்பி நீட்டி அதில் வைக்கலாம் என்றார் இளமாறன். அவ்வளவு பின்னால் கனம் போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும் என்றான் தமிழ்வேந்தன். அது சரிதான் என்று இளமாறனுக்குத் தெரிந்தது. பால்காரர்கள் கேன் மாட்டுகிற மாதிரி பக்கத்தில் ஒரு கூண்டு அடிக்கலாம் என்று அடுத்த யோசனை. வலது பக்கம் சைலன்சர் சூடு, ஆகவே ஆகாது. இடது பக்கம் வைத்தால் மணிமொழி கால் தொங்கப் போட்டு உட்கார இடம் இல்லை. இரண்டு ஆண்களும் வண்டியைச் சுற்றி வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். வீரமணியும் வந்து குனிந்து பார்த்தார்.

"நான் ரெண்டு பக்கம் கால் போட்டு உக்காந்துக்கிறேன்" என்றாள் மணிமொழி. "சுடிதார் தைக்க எனக்கு ஒரு நாள் போதும்."

அதோடு முடிந்தது. சங்கராபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இடது பக்கத்துக்குக் கூண்டு அடித்தார்கள், உள்ளே தடிமனாக ரப்பர் ஒட்டினார்கள். வண்டி வந்த அன்றைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி எடுத்தார்கள். அந்த வாரமே இளமாறன் தனியாக மலைக்குப் போய் வந்தார். பெரிய வண்டி மாதிரி இல்லை. பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. வளைவில் அவர்தான் திருப்ப வேண்டியிருந்தது. ஆனால் பதினோரு இடத்தில் நிறுத்தினார், ஒரு இடத்திலும் படுக்கவில்லை.

பங்குனி பிறந்ததும் மணிமொழி கடலூர் போக வேண்டும் என்றாள்.

"அங்க யார் வூட்டு மாடு?" என்று கேட்டார் இளமாறன்.

"மாடு இல்லீங்க. கடல் பாக்கணும்."

மாடு கூப்பிடாத ஊருக்கு வண்டி ஓட்டிப் போவது எப்படி என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யாருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். அவருடைய அழைப்புகளை அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஊசிக்காரரான வீரமுத்து பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். கேன் வீட்டிலேயே இருந்தது. வெறும் கூண்டு வழியெல்லாம் லேசாகக் கடகடத்தது. உளுந்தூர்பேட்டை வந்ததும் மணிமொழி தன் துப்பட்டாவை அதற்குள் அடைத்தாள். சத்தம் நின்றது.

பண்ருட்டியில் பலாச்சுளை வாங்கித் தின்றார்கள். வழியில் மூன்று தடவை இளமாறன் வண்டியை ஓரம் கட்டிப் போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. நாலாவது தடவை மணிமொழி போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார். ரோட்டோரம் சவுக்குத் தோப்புகள் வந்தன, முந்திரிக் காடு வந்தது. "இது இன்னா மரம், அது இன்னா மரம்" என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பாதிதான் தெரிந்தது.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் நடந்தார்கள். மணிமொழி நேராகப் போய் முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். அலை வந்து திரும்பும்போது காலுக்கடியில் மணல் இழுபடுவதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். இவ்வளவு சத்தமாக அவள் சிரித்து இளமாறன் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அவரும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். காற்று பலமாக அடித்தது. அவருக்கு நன்றாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் "உப்புக் காத்து, செயின்ல துரு புடிக்கும்" என்றார்.

"வூட்டுக்குப் போய் எண்ண போட்டுக்கலாம்" என்றாள் மணிமொழி.

திரும்பிச் சுண்டல் கடைக்கு வந்தபோது கடற்கரை மணலில் நாலைந்து மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒரு செவலைப் பசு மற்ற மாடுகள் மேல் ஏறப் பார்த்தது, தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்துக் கத்தியது. இளமாறன் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சும்மா வாங்க" என்றாள் மணிமொழி.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

பசு இன்னொரு தரம் கத்தியது. அவர் சுண்டல்காரரிடம் திரும்பினார்.

"இது யார் வூட்டு மாடுங்க?"

"தெரியலீங்க. இங்கயே சுத்திக்கினு இருக்கும்."

"தெரிஞ்சா சொல்லுங்க. காலைல ஆரம்பிச்சிருக்கும். சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டா புடிக்கும்."

சுண்டல்காரர் பசுவைப் பார்த்தார். இளமாறனைப் பார்த்தார். சொல்கிறேன் என்றார்.

மணிமொழி அதற்குள் பாதிச் சுண்டலைத் தின்று முடித்திருந்தாள். மீதியை அவரிடம் நீட்டிவிட்டு, இருட்டுவதற்குள் எலவனாசூர்கோட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் ராத்திரி அங்கே தங்கிக்கொள்ளலாம் என்றாள். இளமாறன் சரி என்றார். வண்டியைத் தள்ளித் திருப்பி நிறுத்தினார், காலை ஊன்றிக்கொண்டார். அவள் இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.